ஷார்ட்கட்: வால்வு இதழைப் பிளக்கும் கருவி, கேத் லேப் மேசைப் பக்கத்திலிருந்து ஒரு ரிவ்யூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் கேத் லேபில், அதாவது ரத்தக்குழாய் வழியாக இதயச் சிகிச்சை செய்யும் அறையில், டெக்னீஷியன். கருவிகளைக் கழுவித் தயார் செய்வது, வயரைப் பிடித்துக்கொள்வது, வால்வைச் சுருக்கி ஏற்றிக் கொடுப்பது, இதெல்லாம் என் வேலை. கம்பெனிக்காரர்கள் எனக்கு ஒரு காபி கூட வாங்கித் தந்ததில்லை. அதனால் மேசைப் பக்கம் நிற்கிறவனுக்கு ஷார்ட்கட் என்ற இந்த இதழ் பிளக்கும் கருவி எப்படித் தெரிகிறது என்பதையும், அதைப் பற்றி வெளியான ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். அவசரக்காரர்களுக்கு: ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்றை ஏன் பிடித்து வைத்தேன் என்பது கீழே வரும்.

பிரச்சினை என்னவென்று தெரியாமல் கருவியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பெருந்தமனி வால்வு சுருங்கிப்போன வயதானவர்களுக்கு நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டுப் புது வால்வு வைப்பதைத்தான் இந்தியாவில் டாவி என்கிறார்கள், இங்கே டாவர் என்கிறோம். 2002-ல் பிரான்சில் ரூவான் நகரத்தில் அலன் கிரிபியே முதன்முதலாகச் செய்தது. பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம், இதில் பழைய வால்வை யாரும் வெளியே எடுப்பதில்லை. புது வால்வு உள்ளே விரியும்போது, கதவு போலத் திறந்து மூடிக்கொண்டிருந்த பழைய வால்வின் இதழ்கள் சுவரோரமாக ஒதுக்கப்படுகின்றன, அவ்வளவுதான். அந்தச் சுவரில், வால்வுக்குச் சற்று மேலே, இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் இரண்டு கரோனரி தமனிகளின் வாய்கள் இருக்கின்றன. ஒதுங்கிய இதழ் நீளமாக இருந்து, தமனியின் வாய் தாழ்வாக இருந்து, நடுவில் இடமும் குறைவாக இருந்தால் இதழ் போய் வாயை அடைத்துக்கொள்ளும். திரையில் பிரஷர் சரியும், ஈசிஜி மாறும், அறையில் அதுவரை இருந்த பேச்சு நின்றுவிடும்.

எவ்வளவு பேருக்கு நடக்கும்? அரிதுதான். 2013-ல் வந்த பெரிய பதிவேட்டு ஆய்வில் 6,688 பேரில் 44 பேருக்கு, அதாவது 0.66 சதவீதம். ஆனால் அந்த 44 பேரில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 40.9 சதவீதம். பெரும்பாலும் இடது பக்கத் தமனி, பெரும்பாலும் பெண்கள், ஏனென்றால் பெண்களுக்கு வால்வு இருக்கும் பெருந்தமனியின் வேர்ப்பகுதி சிறியது. ஏற்கெனவே அறுவை சிகிச்சையில் வைத்த திசு வால்வு (மாடு, பன்றி போன்றவற்றின் திசுவில் செய்தது) பழுதாகி அதற்குள் இன்னொன்றை வைக்கும்போது ஆபத்து கூடுகிறது. 2018-ல் வெளியான ஆய்வில் அப்படிப்பட்ட 1,612 பேரில் 37 பேருக்கு அடைப்பு, 2.3 சதவீதம், அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு மாதம் தாண்டவில்லை. இன்னொரு கூத்தும் உண்டு, தாமதமாக வரும் அடைப்பு. எல்லாம் நன்றாக முடிந்து நோயாளியை வார்டுக்கு அனுப்பிய பிறகு, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கழித்து வருவது. 17,092 பேரில் 38 பேர் என்று பதிவாகியிருக்கிறது, அவர்களிலும் பாதிப்பேர் மருத்துவமனையை விட்டு வீடு திரும்பவில்லை. நூற்றில் ஒன்றிரண்டுதானே என்று சொல்கிறவர்கள் அந்த ஒன்று நடக்கும் அறையில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

திசு வால்வுகளிலும் எல்லாம் ஒன்றில்லை. வால்வைத் தாங்கும் சட்டத்துக்கு (ஃப்ரேமுக்கு) உள்பக்கம் இதழ் தைத்தவை ஓரளவு பரவாயில்லை. மிட்ரோஃப்ளோ, ட்ரைஃபெக்டா மாதிரி இதழை வெளிப்பக்கம் போர்த்தித் தைத்தவை விரியும்போது நேராகத் தமனியின் வாய்ப்பக்கம் போகும். சட்டமே இல்லாத வால்வுகளும் வம்புதான். எங்கள் லேபில் கேஸ் பட்டியலில் இந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்று வந்தால் அன்று காலை எல்லோரும் சீக்கிரம் வந்துவிடுவார்கள்.

யாருக்கு ஆபத்து என்று முன்கூட்டியே சொல்வது சி.டி. ஸ்கேன். தமனியின் வாய் வால்வு வளையத்திலிருந்து 12 மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருந்தால் கவனம், வேர்ப்பகுதியின் அகலம் 30 மில்லிமீட்டருக்குக் குறைவென்றால் இன்னும் கவனம். வால்வுக்குள் வால்வு என்றால் இதைவிட முக்கியமான அளவு ஒன்று இருக்கிறது. வைக்கப்போகும் புது வால்வின் அளவுக்கு ஸ்கேனில் ஒரு கற்பனை வட்டம் போட்டு, அந்த வட்டத்தின் விளிம்பிலிருந்து தமனியின் வாய் எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள். 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் உஷார். இந்த அளவை எடுக்கிற ஆள் கொஞ்சம் சாய்வாகப் பிடித்தால் 3.5 வரவேண்டியது 5 என்று வரும், 5 வரவேண்டியது 3.5 என்றும் வரும். என் கணக்கில் இந்த முழு விஷயத்திலும் மிக மலிவான, மிக முக்கியமான பாதுகாப்பு இந்த அளவுதான். எந்தக் கருவி வாங்கினாலும் இதற்கு ஈடாகாது.

சரி, ஆபத்து என்று தெரிந்துவிட்டது. இதுவரை என்ன செய்துகொண்டிருந்தோம்?

பழைய வழி, தமனிக்குள் முன்கூட்டியே ஒரு வயரையும் விரிக்காத ஸ்டென்ட்டையும் நிறுத்தி வைத்துவிட்டு வால்வை விரிப்பது. அடைத்தால் ஸ்டென்ட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, தமனிக்கும் பெருந்தமனிக்கும் நடுவே நீட்டிக்கொண்டு நிற்கும்படி விரிப்பார்கள். சிம்னி ஸ்டென்ட் என்று பெயர். அவசரத்துக்கு இதைவிட வேகமான வழி கிடையாது, உயிர் காப்பாற்றியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஸ்டென்ட் வால்வின் உலோகச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு காலம் முழுக்க நிற்க வேண்டும், நாளைக்கு அந்தத் தமனியில் வேறு வேலை வந்தால் உள்ளே நுழைவது நரகம். அடைக்கவில்லை என்று நினைத்து ஸ்டென்ட்டை வெளியே எடுத்துவிட்டால் தாமத அடைப்புக்குக் காவல் இல்லை. எனக்கு இது என்றைக்குமே முழுத் தீர்வாகத் தோன்றியதில்லை.

அப்புறம் வந்தது பேசிலிகா என்ற செய்முறை. அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனத்தில் ஜாஃபர் கான், ராபர்ட் லெடர்மன் குழு உருவாக்கியது. இதழ் அடைக்கப்போகிறது என்றால் அடைப்பதற்கு முன்பே அதை நடுவில் கிழித்துவிடு, அவ்வளவுதான் யோசனை. காற்றில் கிழிந்த வாழையிலையைப் பார்த்திருப்பீர்கள், இலை இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் காற்று கிழிசல் வழியே போய்விடும். இதழும் அதே மாதிரி அடியிலிருந்து நுனிவரை பிளந்து இரு பக்கமும் விலகி, நடுவில் ஒரு முக்கோண இடைவெளி விடும். அந்த இடைவெளி தமனியின் வாய்க்கு நேராக அமைந்தால், புது வால்வின் கம்பிவலை வழியே ரத்தம் தமனிக்குள் போகும். முதல் 7 நோயாளிகளின் அனுபவம் 2018-ல் வெளியானது.

யோசனை அழகு, செய்வது படாத பாடு. அது வந்தபோது இதற்கென்று யாரும் தனியாகக் கருவி செய்து தரவில்லை, இருப்பதை வைத்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. கால் ரத்தக்குழாய் அடைப்புக்கு வந்த 0.014 அங்குல அஸ்டாட்டோ என்ற வயரை எடுத்து, அதன் வால்பக்கத்தை அறுவை சிகிச்சையில் ரத்தம் நிறுத்தப் பயன்படும் காட்டரி பென்சிலோடு கிளிப் போட்டு இணைப்போம். ஒரு கேத்திட்டர், அதாவது மெல்லிய குழாய், இதழின் மேல்பக்கம், அடிப்பாகத்தைக் குறிவைத்து நிற்கும். இன்னொரு கேத்திட்டர் வால்வைத் தாண்டி இதயத்துக்குள் போய் ஒரு ஸ்நேரை, அதாவது கம்பிச் சுருக்கை, விரித்துக் காத்திருக்கும். சரியான இடம் என்று எக்ஸ்ரேயிலும் ஈக்கோவிலும் எல்லோரும் ஒத்துக்கொண்டதும் ஒரு நொடி மின்சாரம். வயர் இதழைத் துளைத்துச் சுருக்குக்குள் விழும், சுருக்கு அதைப் பிடித்து வெளியே இழுத்து வரும். இப்போது வயரின் இரு முனையும் நம் கையில், நடுப்பகுதி இதழைச் சுற்றி வளைந்து நிற்கிறது. அந்த நடுப்பகுதியில் மட்டும் உறையைச் சுரண்டி, மடித்து, முன்கூட்டியே தயார் செய்திருப்போம். அதை இதழின் அடியில் கொண்டுபோய் வைத்து, ரத்தம் கருகி உறையாமல் இருக்க டெக்ஸ்ட்ரோஸ் தண்ணீரைச் செலுத்திக்கொண்டே, மறுபடி மின்சாரம், இரு முனையிலும் சேர்ந்து இழு. இதழ் கிழியும். கிழிந்த நொடியிலிருந்து அந்த வால்வு ஒழுகும், அதனால் புது வால்வு ஏற்றித் தயாராக மேசையில் இருக்க வேண்டும், அதற்கான வயரும் ஏற்கெனவே இதயத்துக்குள் நிற்க வேண்டும்.

எழுதும்போதே மூச்சு வாங்குகிறது. அந்த வயரின் உறையைச் சுரண்டி மடிக்கிற வேலை பல லேபில் என்னைப் போன்றவர்கள் தலையில்தான் விழும். கொஞ்சம் அதிகம் சுரண்டினால் வேண்டாத இடத்தில் மின்சாரம் பாயும், குறைவாகச் சுரண்டினால் வெட்டாது. அளவுகோல் எதுவும் கிடையாது, பழகிய கைதான். இரண்டு இதழைக் கிழிக்க வேண்டிய கேஸ் என்றால் மேசையில் வயரும் குழாயும் எது எங்கே என்று தெரியாத அளவுக்குக் குவிந்துவிடும். நான் கலர் டேப் ஒட்டி வைப்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள், இரண்டாவது இதழுக்கு வரும்போது சிரிக்க மாட்டார்கள்.

இத்தனை சிக்கலிலும் பேசிலிகா வேலை செய்தது என்பதுதான் ஆச்சரியம். 30 பேரை வைத்து நடந்த ஆய்வில் 28 பேருக்குக் கிழிப்பு வெற்றி, கரோனரி அடைப்பு ஒருவருக்கும் இல்லை, ஆனால் 3 பேருக்குப் பக்கவாதம், ஒருவர் மரணம். பிறகு 25 மையங்களிலிருந்து 214 பேரின் பதிவேடு வந்தது, அதில் 94.4 சதவீதம் கிழிப்பு வெற்றி, அரைகுறையாகவோ முழுதாகவோ அடைத்தது 4.7 சதவீதம். இவர்கள் எல்லோரும் அடைக்கும் என்று முன்பே பயந்து தேர்ந்தெடுத்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆனால் இவை பழகிய கைகள் இருந்த இடங்களின் எண்கள். மாதத்தில் எப்போதாவது ஒரு கேஸ் வரும் மருத்துவமனையில் இதே எண் வரும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

இங்கேதான் ஷார்ட்கட் வருகிறது. இஸ்ரேலின் பை-கார்டியா கம்பெனி செய்தது, மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி 2024 செப்டம்பரில். இதழைப் பிளப்பதற்கென்றே செய்து அனுமதி வாங்கிய முதல் கருவி. மின்சாரம் கிடையாது, ஸ்நேர் கிடையாது, வயரைச் சுரண்டுவது கிடையாது. இதயத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் வயரின் மேலேயே ஏறிப் போகும், இதழில் சரியாக உட்கார ஒரு நிலைநிறுத்தும் கை உண்டு, இடம் உறுதியானதும் கைப்பிடியை இயக்கினால் பிளக்கும் முனை இதழின் அடியில் குத்தி நுழையும், பிறகு நுனிவரை பிளந்துவிடும். இரண்டாவது இதழும் வேண்டுமென்றால் அதே கருவியைத் திருப்பி அடுத்த இதழில் வைக்கலாம். பேசிலிகாவில் ஒவ்வொரு இதழுக்கும் இரண்டு கேத்திட்டர், தனி வயர், தனி ஸ்நேர் என்று கடை விரித்தவனுக்கு இதைப் பார்த்ததும் வந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது.

ஆய்வு எண்களும் நன்றாகவே இருக்கின்றன. 60 நோயாளிகள், எல்லோருக்கும் பிளப்பு வெற்றி, 95 சதவீதம் பேருக்குக் கரோனரி அடைப்பு இல்லை. 60 என்பது சிறிய எண்ணிக்கை, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஷார்ட்கட்டையும் பேசிலிகாவையும் எதிரெதிரே நிறுத்தி, யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு நோயாளிகளைப் பிரித்துப் பார்த்து முடிவு சொன்ன பிறகு எது மேல் என்று அடித்துப் பேசலாம். இன்றைக்கு என்னால் சொல்ல முடிவது, இரண்டும் இதழைப் பிளக்கின்றன, ஆனால் ஒன்றைக் கற்றுக்கொள்ள நீண்ட காலம் வேண்டும், மற்றது அவ்வளவு கேட்பதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான்கு நட்சத்திரம் கொடுப்பேன்.

இப்போது பிடித்து வைத்த ஒன்று.

2024-ல் கிடைத்த அனுமதி பழுதான திசு வால்வுக்குள் வால்வு வைக்கும் கேஸுக்கு மட்டும்தான். பிறவியிலேயே உள்ள சொந்த வால்வு கால்சியம் படிந்து, தமனியின் வாயும் தாழ்ந்திருக்கிற பாட்டிகளுக்கு, அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், இந்தக் கருவி அதன் அட்டையில் எழுதியபடி உதவாது. அங்கே இன்னும் பேசிலிகாவோ சிம்னியோ திறந்த அறுவை சிகிச்சையோதான்.

அடுத்தது, இடம் பிடிப்பது இன்னும் ஈக்கோ பார்க்கிறவர் கையில்தான் இருக்கிறது. பழைய வால்வின் உலோகச் சட்டம் நிழல் அடிக்கும், இதழின் எந்தப் புள்ளியில் கருவி உட்கார்ந்திருக்கிறது என்று சொல்ல ஈக்கோவில் தேர்ந்த ஆள் தலைமாட்டில் நிற்க வேண்டும். கருவி நடுவில் பிளக்காமல் ஓரத்தில் பிளந்தால் இடைவெளி தமனிக்கு நேராக வராது, அப்புறம் பிளந்தும் பிரயோசனமில்லை. பெட்டியில் எழுதியிருக்கும் எளிமையைப் பார்த்துவிட்டு இந்த ஆளைச் சேர்க்காமல் கேஸ் எடுக்க நினைக்கும் மருத்துவமனை நிர்வாகிகளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

பிளந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் இல்லை. புது வால்வுக்கும் மூன்று இதழ் சேரும் தூண்கள் உண்டு, அந்தத் தூண் ஒன்று நேராகத் தமனியின் வாயில் போய் நின்றால் பிளந்த இடைவெளி வீண். அதனால் வால்வைத் திருப்பி ஏற்றி, தூண் வேறு பக்கம் வரும்படி விரிக்க வேண்டும். புது வால்வின் கீழ்ப்பகுதியில் ரத்தம் ஒழுகாமல் இருக்கத் துணி தைத்திருப்பார்கள், வால்வு உயரமாக அமைந்தால் அந்தத் துணியும் அடைக்கும், அதற்கு எந்தக் கத்தியும் மருந்தில்லை. வேர்ப்பகுதி மிகக் குறுகலாக இருந்து புது வால்வின் சட்டம் சுவரையே தொட்டுக்கொண்டிருந்தாலும் அதே கதிதான். டாவர் வால்வுக்குள் இன்னொரு டாவர் என்று இப்போது வர ஆரம்பித்திருக்கும் கேஸ்களில், முதல் வால்வின் கம்பிச்சட்டம் நெருக்குவதால் பிளந்த இதழ் விரிவதற்கு இடம் குறைவு.

பக்கவாத பயமும் இருக்கிறது. பழுதான இதழைக் குத்திப் பிளக்கும்போது துகள் பறக்கலாம் என்பது பொது அறிவு, வெட்டுவது மின்சாரமா கத்தியா என்பதால் அது இல்லாமல் போய்விடாது. மூளைக்குப் போகும் குழாய்களில் வடிகட்டி வைப்பதைப் பல மையங்கள் செய்கின்றன. என் வீட்டு ஆளாக இருந்தால் நான் கேட்பேன்.

செலவைப் பற்றி ஒரு வரி. பேசிலிகாவுக்கு வேண்டிய சாமான் பெரும்பாலும் எந்தக் கேத் லேப் அலமாரியிலும் ஏற்கெனவே இருப்பவை. ஒரு வேலைக்கென்றே வந்த கருவி ஒருபோதும் அந்த விலையில் இருக்காது. சொந்தக் காசு போட்டு டாவி செய்துகொள்ளும் குடும்பங்கள் நிறைய உள்ள நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை, வால்வின் விலையே தலைக்கு மேல் நிற்கிறது.

ஊரில் அம்மா அப்பாவுக்கு வால்வு ஆபரேஷன் ஆனவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஷார்ட்கட் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் பீரோவைத் திறந்து பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் வால்வோடு கொடுத்த அட்டையையும் தேடி எடுங்கள். உலோக வால்வா திசு வால்வா என்பது முதல் கேள்வி. நம் ஊரில் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு இளம் வயதிலேயே உலோக வால்வு வைத்துக்கொண்டவர்கள் ஏராளம், அதற்குள் டாவி செய்ய முடியாது, பேச்சு அங்கேயே முடிந்தது. திசு வால்வு என்றால் கம்பெனி பெயர், மாடல், அளவு எண் மூன்றும் வேண்டும். "மாட்டு வால்வு வெச்சாங்க" என்பதை வைத்துக்கொண்டு எந்த டாக்டராலும் திட்டம் போட முடியாது. அந்த அட்டை தொலைந்து, பழைய ஆஸ்பத்திரியில் ரெக்கார்டும் கிடைக்காமல், ஸ்கேனில் சட்டத்தின் உருவத்தைப் பார்த்து என்ன வால்வு என்று ஊகிக்கும் வேலையை இங்கேயே செய்திருக்கிறோம், சென்னையிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த இடத்தில் மூச்சுத் திணறி வந்த பெரியவர்களுக்கு.

டாக்டரிடம் கேட்க வேண்டியவையும் சிக்கலானவை இல்லை. புது வால்வின் வட்டத்துக்கும் தமனியின் வாய்க்கும் எத்தனை மில்லிமீட்டர்? இரண்டு பக்கமுமா, ஒரு பக்கமா? அடைத்தால் என்ன திட்டம், அது மேசையில் தயாராக இருக்குமா? இதழைப் பிளக்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் டீம் எத்தனை செய்திருக்கிறது? கடைசிக் கேள்விக்குக் கோபப்படாமல் எண் சொல்கிற டாக்டரிடம் போங்கள். அளவு தாராளமாக இருந்து, எதுவும் பிளக்கத் தேவையில்லை என்று அவர் சொன்னால், சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடுங்கள், புதுக் கருவி வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். தேவையில்லாத இதழைப் பிளப்பதால் யாருக்கும் லாபமில்லை, ஒரு பக்கவாத ஆபத்தைச் சும்மா வாங்கிக்கொள்வதுதான்.

சொந்த வால்வுக்கும் அனுமதி வந்து, பேசிலிகாவோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வும் வந்தால் அந்த ஐந்தாவது நட்சத்திரத்தைக் கொடுத்துவிடுகிறேன். அதுவரை எங்கள் லேபில் அஸ்டாட்டோ வயரும் காட்டரி பென்சிலும் அதே இழுப்பறையில்தான் இருக்கும், என் கலர் டேப்போடு.